அகமதாபாத்தின் மின்னணு நாடாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 முதல் 1972 வரை பதிவான மின்னணு இசை 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அப்போதிலிருந்து, எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டி வருகிறேன். யாருக்குப் போட்டாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப் போக.

முதல்ல இது என்னன்னு சொல்லுங்க. எங்கே கிடைச்சது?

தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சுருக்கமாக என்.ஐ.டி. என்பார்கள். 1961இல் தொடங்கியது. நாற்காலி, துணி, எழுத்துரு, கண்காட்சி அரங்கு என்று பலவற்றையும் வடிவமைக்கக் கற்றுத்தரும் இடம். அங்கே ஒரு மின்னணு இசைக்கூடமும் இயங்கியது. இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். லண்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்காஸ் 2017 வாக்கில் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது, கூடத்தில் பதிவான இருபதுக்கும் மேற்பட்ட ஸ்பூல் நாடாக்கள், அதாவது உருளையில் சுற்றிய ஒலிநாடாக்கள், கிடைத்தன.

பர்காஸ் 'எம்ட்டிசெட்' என்ற இரட்டையர் குழுவில் ஒருவர். கனத்த மின்னணு இரைச்சலையே மூலப்பொருளாக வைத்து இசை செய்கிறவர். கிடைத்திருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்குக் கேட்டதுமே புரிந்திருக்கும். 2020இல் பி.பி.சி. ரேடியோ 3க்காக 'எலெக்ட்ரானிக் இந்தியா' என்ற நிகழ்ச்சியைச் செய்தார். 2023இல் 'ஸ்டேட்51 கான்ஸ்பிரசி' வெளியீடாக 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. கூடத்தின் வரலாறு பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு புத்தகமும் கொண்டுவந்தார்.

1969ல அகமதாபாத்துக்கு சிந்தசைசர் எப்படி வந்தது? நம்பவே முடியலையே!

கீதா சாராபாய் என்ற ஒருவரைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கவே முடியாது. 1922இல் பிறந்தவர். பக்வாஜ் என்ற இரண்டு முகத் தாளவாத்தியத்தை, பெண்கள் தொடாத காலத்தில், முறையாகக் கற்று வாசித்தவர். மேற்கத்திய இசையின் செல்வாக்கு நம் இசையை என்ன செய்துவிடுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. சரி, அந்த இசையைப் போய்க் கற்றுக்கொண்டே பார்த்துவிடுவோம் என்று 1946இல் நியூயார்க் போனார். அங்கே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்தார். கேஜ் பணம் வாங்கவில்லை. நான் உங்களுக்கு எங்கள் இசையைச் சொல்லித் தருகிறேன், நீங்கள் எனக்கு உங்கள் இசையைச் சொல்லித் தாருங்கள் என்பதே ஏற்பாடு. இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்வ அருளை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்காக என்று தன் குரு சொன்ன பதிலைக் கீதா சொன்னார். கேஜ் அதை வாழ்நாள் முழுக்க மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நட்பு தொடர்ந்தது. 1964இல் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக்குழு உலகப் பயணத்தில் அகமதாபாத் வந்தபோது, கேஜும் பியானோ கலைஞர் டேவிட் டியூடரும் இசைக்கலைஞர்களாக உடன் வந்தார்கள். கேஜின் புகழ்பெற்ற நாலு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி மௌனப் படைப்பை 1952இல் முதன்முதலாக மேடையில் நிகழ்த்தியவர் இந்த டியூடர்தான். அதே டியூடர் 1969இன் பிற்பகுதியில் மீண்டும் வந்து, ராபர்ட் மோக்கின் நிறுவனம் அமெரிக்காவில் தயாரித்த, மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரை என்.ஐ.டி.யில் நிறுவி, அங்கிருந்தவர்களுக்கு அதை இயக்கக் கற்றுத்தந்தார்.

சாராபாய்னா ராக்கெட் விக்ரம் சாராபாய் குடும்பமா?

அதே குடும்பம்தான். விக்ரம் கீதாவின் சகோதரர். என்.ஐ.டி.யை உருவாக்கிய கௌதம், கிரா இருவரும் கீதாவின் உடன்பிறந்தவர்கள்தான். விக்ரமின் மனைவி மிருணாளினி, சென்னை அம்மு சுவாமிநாதனின் மகள், கேப்டன் லட்சுமியின் தங்கை. இன்னொன்று: சிந்தசைசர் வந்த அதே 1969இல்தான் இஸ்ரோவும் தொடங்கப்பட்டது.

சிந்தசைசர்னா கீபோர்டுதானே? கல்யாணக் கச்சேரில வாசிப்பாங்களே, அதுவா?

அது வேறு, இது வேறு. கல்யாணக் கச்சேரி கீபோர்டில் வயலின், புல்லாங்குழல் என்று ஒலிகள் தயாராக இருக்கும், பொத்தானை அழுத்தினால் போதும். அந்தக் கால மோக் சிந்தசைசரில் தயாரான ஒலி எதுவும் கிடையாது. அலமாரி அளவுப் பெட்டியில் தனித்தனிக் கருவிகள் இருக்கும். ஒன்று மின் அலையை உண்டாக்கும், ஒன்று அதில் ஒரு பகுதியை வடிகட்டும், ஒன்று ஒலி எழும்பி அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும். இவற்றை ஒயர்களால் நாமே இணைக்க வேண்டும். எதை எதோடு இணைக்கிறோம் என்பதே பாதி இசையமைப்பு. ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இணைப்பைப் பிடுங்கிவிட்டால் அந்த ஒலி போனது போனதுதான், சேமித்து வைக்க வழியில்லை. அதனால்தான் நாடாக்கள் இவ்வளவு முக்கியம். பதிவாகாத எதுவும் மிச்சமில்லை.

இதில் ராகம் வருமா என்றும் கேட்கிறார்கள். மின்னழுத்தம் ஏற ஏறச் சுருதி வழுக்கிக்கொண்டே ஏறும் கருவி இது. கட்டை போட்ட கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, விரலால் தடவும் பட்டையைக் கொண்டு இயக்கினால் சுரங்களுக்கு இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். கமகம் பழகிய காதுக்காரருக்குப் பியானோவைவிட இது நெருக்கமான கருவி.

கேட்டுப் பார்த்தேன். 'கொர்ர்'னு சத்தம்தான் வருது. இதுல இசை எங்கே இருக்கு?

அந்தக் 'கொர்ர்'ரில்தான். சத்தத்தையும் இசைக்குள் சேர்க்கலாம் என்ற எண்ணம் இத்தாலியின் லூயிஜி ருஸ்ஸோலோ 1913இலேயே எழுதி வைத்தது. 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிவு செய்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு படைப்பு செய்தார். டியூடர் அந்த வழியில் வந்து ஒரு படி மேலே போனவர். கருவியின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே திருப்பி விடுவார். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீறிடுமே, அந்த வீறிடலை அடக்காமல், அது எங்கே போகிறது என்று கூடவே போவது அவர் முறை. தொகுப்பில் உள்ள அவருடைய 'டேப் ஃபீட்பேக் வித் மோக்' அதற்கு நேரடிச் சான்று. நாடாவில் பதிவான ஒலியை உடனே படித்து, மறுபடி கருவியின் பதிவுத் தலைக்கே அனுப்பினால், நாடாவில் ஒலியை எழுதும் அந்தத் தலைக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சிறு தாமதத்தைத் தரும். சுற்றச் சுற்ற ஒலி தன்மேலேயே படிந்து பெருகும்.

மெட்டைத் தேடாமல் ஒலியின் தடிமனையும், அது எப்படி நிறம் மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் நியாயமான முடிவுதான். ஆனால் தொகுப்பு முழுக்க இப்படி இல்லை, அடுத்த பதிலையும் பாருங்கள்.

அப்போ எதுல இருந்து ஆரம்பிக்கறது? யார் யார் செஞ்சிருக்காங்க?

டியூடரைத் தவிர ஐந்து இந்தியர்கள்: கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா. புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் போடுவது சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்'. சீரான துடிப்பு இருப்பதால் கால் தானாகத் தாளம் போடும். இன்றைய டெக்னோ நடன இசை கேட்டவர்கள் இது எந்த வருடம் என்று கேட்பார்கள். அடுத்து மாத்தூரின் 'மை பேர்ட்ஸ்', பிறகு அவருடைய 'ஒன்ஸ் ஐ ப்ளேய்டு எ தம்பூரா'. ஜோஷிபுரா அப்போது கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த இளைஞர். அவருடைய 'ஸ்பேஸ் லைனர் 2001' விண்வெளிப் பயணக் கற்பனை. நிலவில் மனிதன் கால் வைத்த கையோடு, விக்ரம் சாராபாயின் ஊரில் உட்கார்ந்து ஒரு மாணவர் செய்தது என்று நினைத்துக் கேளுங்கள்.

அதுல் தேசாய் இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்காரர். குமுதினி லாக்கியாவின் கதக் நாட்டியங்களுக்கு இசையமைத்தவர் என்று நடன உலகில் அவரை அறிவார்கள். அவர் 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்காகச் செய்த பதிவுகள் தொகுப்பில் உள்ளன. அதே கண்காட்சியின் பெப்சி அரங்கில் டியூடரும் வேலை செய்தார். கீதாவின் துண்டுகளையும் டியூடரின் நாடாவையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நல்லா இருக்குன்னா ஏன் அப்பவே வெளியிடல?

வெளியிடுவதற்காகச் செய்த பதிவுகளே அல்ல இவை பெரும்பாலும். பயிற்சி, சோதனை, கண்காட்சிக்கான ஒலி, நடனத்துக்கான ஒலி. வடிவமைப்புக் கல்லூரியில் மாணவர் வரையும் வரைபடத்தை யாரும் கண்காட்சியில் விற்பதில்லை. வேலை முடிந்தது, நாடா பெட்டிக்குள் போனது. தவிர, சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் சாஸ்திரிய சங்கீதமும் விற்றுக்கொண்டிருந்த அன்றைய இசைத்தட்டுச் சந்தையில் இதற்கென்று ஓர் அடுக்கு இல்லை.

வெளியான பதிவுகள் 1972உடன் நின்றுவிடுகின்றன. ஒரு கூடம் நின்றுபோனால், அடுத்து வருகிற மாணவருக்கு இப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது அதுதான். பின்னால் இந்தியாவில் மின்னணு இசைக்கு வந்த எத்தனையோ பேர் தங்களுக்கு முன்னோடியே இல்லை என்று நினைத்து வேலை செய்திருக்கிறார்கள்.

ஐம்பது வருஷ நாடா எப்படி ஓடும்? அடுப்புல வெச்சு சுடுவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

சில வகை நாடாக்களுக்கு உண்மை. இரும்பு ஆக்சைடு துகளைப் பிளாஸ்டிக் பட்டையில் ஒட்ட வைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கிறீச்சிட்டு, கருவியின் தலையில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். அதைச் சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால், தற்காலிகமாக ஓடும் நிலைக்கு வரும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இதற்கென்று வெப்பநிலை துல்லியமாக நிற்கும் அடுப்பு வேண்டும், சமையலறை அடுப்பு ஆகாது.

ஆனால் இந்த நோய் பெரும்பாலும் 1970களின் நடுவிலிருந்து வந்த நாடாக்களுக்கு உரியது. அதற்கு முந்தையவற்றில் வேறு தொல்லைகள்: ஒட்டுப்போட்ட இடங்கள் காய்ந்து விட்டுப்போவது, பூஞ்சை, அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாடா என்றால் மொடமொடவென்று ஒடிவது. அசிட்டேட்டைச் சூடாக்கினால் நாடாவே பாழாகிவிடும். ஆகவே முதல் வேலை எந்த வகை என்று பார்ப்பது. ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றின் ஊடாக ஒளி தெரிந்தால் அசிட்டேட், தெரியாவிட்டால் பாலியஸ்டர். அசிட்டேட் கெடும்போது வினிகர் வாடையும் அடிக்கும்.

எந்த வேகத்துல ஓட்டணும்னு எப்படித் தெரியும்? பாட்டுன்னா குரலை வெச்சுச் சொல்லலாம், இதுல?

மிக நல்ல கேள்வி. அன்றைய நாடாக் கருவிகள் விநாடிக்கு 9.5, 19, 38 சென்டிமீட்டர் என்று பல வேகங்களில் ஓடின. எம்.எஸ். பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டினால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். மோக்கின் உறுமலை இரட்டை வேகத்தில் ஓட்டினால் அது வேறு ஒரு படைப்பாக, அதுவும் ஒழுங்கான படைப்பாகவே, கேட்கும். போதாக்குறைக்கு, வேகத்தை மாற்றிப் பதிவு செய்வதே அக்காலக் கலைஞர்களின் ஒரு உத்தி.

பெட்டியில் எழுதியிருந்தால் நல்லது. நாடாவின் தொடக்கத்தில் யாராவது இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிர்ஷ்டம். இரண்டும் இல்லாவிட்டால், மின்சாரம் கைகொடுக்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்வது. கருவிகளில் சரியாக மண்ணிணைப்பு (எர்த்) இல்லாவிட்டால் அந்த அதிர்வு மெல்லிய 'ம்ம்ம்' ஆக நாடாவில் பதிந்துவிடும். ஓட்டும்போது அது 50 ஹெர்ட்ஸ் அருகில் விழுந்தால் வேகம் சரி. 100இல் விழுந்தால் நாடா இரட்டை வேகத்தில் ஓடுகிறது என்று தோன்றும், ஆனால் அதுவே மின் இரைச்சலின் இரண்டாம் அதிர்வாகவும், அதாவது 50இன் இரு மடங்காகவும், இருக்கலாம், ஆகவே 150, 200 எல்லாம் எங்கே விழுகின்றன என்றும் பார்க்க வேண்டும். எல்லாரும் குறை என்று அழிக்க நினைக்கும் அந்த 'ம்ம்ம்'தான் இங்கே சாட்சி.

இரைச்சலே இசைன்னா, நாடாவோட இரைச்சலை எப்படிப் பிரிப்பீங்க? கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணிட வேண்டியதுதானே?

பழைய ஒலிப்பதிவை வெளியிடுவதில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. அரிசியில் கல் பொறுக்கலாம், ஏனென்றால் எது அரிசி என்று நமக்குத் தெரியும். இங்கே சில இடங்களில் கல்லைத்தான் சமைத்திருக்கிறார்கள். மோக்கிலேயே 'ஸ்ஸ்ஸ்' என்று வெறும் இரைச்சலைத் தரும் பகுதி ஒன்று உண்டு. காற்று, அலை, தாள ஒலி எல்லாம் அதை வடிகட்டிச் செய்வார்கள். நாடாவும் இயல்பாகவே 'ஸ்ஸ்ஸ்' என்னும். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னோர் எடுத்துக்காட்டு: முந்தைய பதிலில் சொன்ன 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்'மை வெட்டி எடுத்தால், 49 ஹெர்ட்ஸில் மோக் வாசிக்கும் கீழ்ச் சுரமும் கூடவே போய்விடும்.

இன்னும் நுட்பமான ஒன்று: சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் மெல்லப் படியும். அதனால் பலத்த ஒலி தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். சாதாரணப் பாட்டில் இது பழுது என்று சொல்லிவிடலாம். ஃபீட்பேக் படைப்பில், தாமதித்து வரும் நிழல்தானே விஷயமே? ஒலிக்கு முன்னால் வருவது பழுது, பின்னால் வருவது கலைஞர் செய்தது என்று ஓரளவு பிரிக்கலாம். ஓரளவுதான், ஏனென்றால் காந்தம் பின்னாலும் படியும்.

என் கருத்து இது: நாடாவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த டிஜிட்டல் தரத்தில், எதையும் தொடாமல் பிரதி எடுத்து அதை மூலமாகப் பத்திரப்படுத்த வேண்டும். திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான். நகலிலும், பிற்காலத்தில் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரிகிற 'டிக்' ஒலியையும் ஒட்டு விட்ட இடத்தையும் சரிசெய்தால் போதும். சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும். விட்டதை நாளைக்கு ஒருவர் நீக்கிக்கொள்ளலாம், மூலத்தையே கழுவிவிட்டால் யாரும் திருப்பித் தர முடியாது.

ஐம்பது வருஷம் ஆச்சே, காப்புரிமை முடிஞ்சிருக்கும்ல? யார் வேணா போடலாமா?

கூடாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957இன்படி இரண்டு உரிமைகள் தனித்தனியாக ஓடுகின்றன. இசைப்படைப்புக்கு, படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, அது முதன்முதலில் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. கவனியுங்கள், பதிவான ஆண்டு அல்ல, வெளியான ஆண்டு. 1970இல் பதிவாகி 2023இல் முதன்முறை வெளியான ஒலிப்பதிவுக்கு உரிமை 2083 வரை இருக்கும். படைத்தவர் இறந்த பிறகே ஒரு படைப்பு முதலில் வெளியானால், படைப்புக்கும் வெளியான ஆண்டிலிருந்துதான் கணக்கு. கீதா 2011இல் மறைந்தார். அவருடைய படைப்பு முன்னரே மேடையில் நிகழ்த்தப்பட்டிருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு.

உரிமையாளர் யார் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். நிறுவனத்தின் சம்பளக்காரர் வேலையாகச் செய்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நிறுவனம். மாணவர் தானாகச் செய்தது, விருந்தினர் செய்தது எல்லாம் வேறு. படைத்தவர் இறந்தோ கண்டுபிடிக்க முடியாமலோ போன வெளிவராத படைப்புக்கு, சட்டத்தின் 31-ஏ பிரிவில் அறிவிப்புக் கொடுத்து அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. மெனக்கெட வேண்டும், ஆனால் வழி இருக்கிறது. மறந்துபோன பதிவு என்பதால் அது சொந்தக்காரர் இல்லாத பதிவாகிவிடாது.

கருவி அமெரிக்கா, சொல்லிக்கொடுத்தவர் அமெரிக்கர், தேடி எடுத்தவர் லண்டன்காரர். இதுல நம்மளோடது என்ன இருக்கு?

கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் மேலே இரண்டாவது கேள்விக்கான பதிலைத் திரும்பப் பாருங்கள். 1946இல் கேஜுக்குப் பாடம் சொன்னவர் கீதா. அதற்கு அடுத்த ஆண்டுகளில் கேஜ் இந்திய அழகியல் சொல்லும் நிலையான உணர்ச்சிகளான ரசங்களை மனத்தில் வைத்துப் பியானோவுக்கு ஒரு பெரிய தொகுதியே எழுதினார். அமெரிக்கப் புதிய இசைக்குள் இங்கிருந்து போனது ஏற்கெனவே இருந்தது. 1969இல் பெட்டியோடு திரும்பி வந்ததை வெறும் இறக்குமதி என்று என்னால் பார்க்க முடியவில்லை. வயலின் நமக்கு எங்கிருந்து வந்தது என்று இன்று யாரும் கேட்பதில்லையே.

இந்த நாடாக்கள் பத்திரமாக இருந்தது அகமதாபாத்தில்தான். அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த காப்பகத்துக்கும் பெயர் சேர வேண்டும். நாடாவில் உள்ள ஒவ்வொரு இசைக்காரர் பெயரையும் தெளிவாகப் போட்டு வெளியிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். 'இந்திய மின்னணு இசை, கலைஞர் யாரோ' என்று வந்திருந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

போன்ல கேட்டாலே போதுமா, இசைத்தட்டு வாங்கணுமா?

போன் ஸ்பீக்கர் வேண்டாம், கீழ் ஒலிகள் மொத்தமும் காணாமல் போகும். நல்ல ஹெட்போன் போதும்.

எங்க தாத்தா பெட்டியிலயும் ரெண்டு ஸ்பூல் இருக்கு. என்ன இருக்குன்னு தெரியாது. என்ன செய்யட்டும்?

உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள், அதுதான் முதல் விஷயம். பழுதான கருவி ஒரு நிமிடத்தில் நாடாவை மடக்கிக் கிழித்துவிடும். பெட்டியின் எல்லாப் பக்கங்களையும், உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டுகளையும் படம் பிடித்து வையுங்கள். பிறகு மேலே சொன்ன வெளிச்சச் சோதனை, வினிகர் வாடை. பூஞ்சை இருந்தால் வீட்டில் துடைக்க வேண்டாம், மூச்சுக்கும் கெடுதல். ஸ்பூலைப் படுக்கப் போடாமல் புத்தகம் போல நிறுத்தி, ஸ்பீக்கர், மோட்டார் பக்கம் இல்லாத உலர்ந்த அறையில் வையுங்கள். பரண் வேண்டாம், ஓடு கொதிக்கும்.

கருவியைப் பராமரித்து வைத்திருக்கும் ஒருவரிடம் பிரதி எடுக்கக் கொடுக்கும்போது, இரைச்சல் நீக்காத பிரதிதான் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி சாதாரண நாடா இருந்தால், விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு பக்கம் சுமார் 32 நிமிடம் வரும். மறுபக்கமும் பதிவாகியிருக்கலாம், அதையும் சொல்லிக் கேளுங்கள். நாடாவையும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிரதி வந்துவிட்டது என்று மூலத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.